துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே: உயர்திறன் மின்னோட்டக் கன்வெர்ட்டர்களில் முனைவர் ஆய்வுகள்

உயர்திறன் மின்னணுவியலில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுபவை பெரிய எண்கள்: 60 மெகாவாட், 6,000 ஆம்பியர், 115 கிலோவோல்ட். அந்த எண்களிலேயே மலைத்து நின்றுவிட்டால் உண்மையான கேள்வி கைநழுவிப் போகும். பெரிய மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ ஒரு கணம் உண்டாக்கிக் காட்டுவது ஏறக்குறைய நூறாண்டுப் பழைய வித்தை. மின்தேக்கிகளை இணையாக வைத்து மின்னேற்றி, பிறகு தொடராக இணைத்து ஒரே அடியாகக் கொட்டும் சுற்றை எர்வின் ஓட்டோ மார்க்ஸ் 1924-இலேயே அமைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரேடார்கள் மைக்ரோநொடித் துடிப்புகளை ஆயிரக்கணக்கில் வெளியிட்டன. இன்று சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதே துடிப்பு கோடிக்கணக்கான முறை வரவேண்டும். ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் வரவேண்டும். ஊருக்கு மின்சாரம் தரும் தொகுப்பு அதனால் ஆடக்கூடாது. கொடுத்த ஆற்றலில் திரும்பப் பெறக்கூடியதை வெப்பமாக வீணாக்கவும் கூடாது. துடிப்பின்போது நடப்பதைவிட, ஒரு துடிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அந்த ஆற்றல் எங்கே தங்குகிறது, கருவி அந்த இடைவெளியில் எப்படி ஆறுகிறது என்பதே இத்துறையின் மையக் கேள்வி என்பது என் கருத்து. நல்ல ஆய்வேடுகள் எல்லாம் அங்கேதான் கைவைத்திருக்கின்றன.

இதைத் தெளிவாகப் பார்க்க ஒரே ஓர் இயந்திரம் போதும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள புரோட்டான் சின்க்ரோட்ரான் 1959 நவம்பரில் ஓடத் தொடங்கியது. 628 மீட்டர் சுற்றளவு கொண்ட வளையம், அதில் 100 பெரிய காந்தங்கள், எல்லாம் தொடரிணைப்பில். துகளின் ஆற்றல் ஏறும்போது காந்தப்புலமும் அதே கணக்கில் ஏறவேண்டும். பின்தங்கினால் துகள் பாதையிலிருந்து விலகிக் குழாய்ச் சுவரில் போய் மோதும். அதனால் காந்தச் சுருள்களில் மின்னோட்டம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு ஏறி, உச்சியில் சற்று நின்று, மறுபடி இறங்குகிறது. உச்சத்தில் காந்தங்களுக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். அதை உள்ளே செலுத்தப் பல பத்து மெகாவாட் வேண்டும். இறங்கும்போது அதே அளவு வெளியே வருகிறது. சுருள்களின் மின்தடையில் வெப்பமாகப் போவது சராசரியாகச் சில மெகாவாட் மட்டுமே.

ஆக, செலவு சிறியது, போக்குவரத்து பெரியது. சிறிய மோட்டார் நாள் முழுக்க ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்புகிறது, காலையில் ஊரே ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிறது. இங்கேயும் ஏற்பாடு அதுவேதான். ஆனால் குழாயில் போன தண்ணீர் சில நொடிகளில் தொட்டிக்கே திரும்பி வரவேண்டும் என்பது இங்கே கூடுதல் நிபந்தனை.

முதலில் அந்தத் தொட்டியாக இருந்தது சுழலும் இரும்பு. 1968-இல் நிறுவிய மோட்டார்-ஜெனரேட்டர் தொகுதியில் 6 மெகாவாட் மோட்டார் ஒன்று 95 மெகாவோல்ட்-ஆம்பியர் ஜெனரேட்டரை நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்று வேகத்தில் சுழற்றியது. காந்தங்கள் ஆற்றல் கேட்கும்போது சுழலியின் வேகம் சற்றுக் குறையும். அவை ஆற்றலைத் திருப்பித் தரும்போது வேகம் மறுபடி ஏறும். மின்தொகுப்புக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சிறிய மோட்டாரின் நிதானமான தேவை மட்டும். அணுக்கரு இணைவு ஆய்வில் இதே வழியை இன்னும் பெரிய அளவில் கையாண்டார்கள். இங்கிலாந்தில் 2023 இறுதிவரை ஓடிய ஜெட் என்ற டோகமாக் வகை இணைவுக் கருவியில் இரண்டு ஃப்ளைவீல் ஜெனரேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் சுழலியும் 775 டன் எடை கொண்டது.

மற்றொரு வழி, ஆட்டத்தை மின்தொகுப்பின் தலையிலேயே சுமத்துவது. செர்னின் அடுத்த பெரிய வளையமான எஸ்.பி.எஸ். பிரெஞ்சு 400 கிலோவோல்ட் தொகுப்பிலிருந்தே துடிப்புத் திறனை நேரடியாக எடுக்கிறது. அருகில் வலுவான தொகுப்பு இருந்தால்தான் இது நடக்கும், அப்போதும் எதிர்வினைத் திறனை ஈடுசெய்யத் தனிக் கருவிகள் தேவை. ஒரு நாட்டின் தொகுப்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்து அந்நாட்டின் இயற்பியல் ஆய்வு அமைவது நல்ல நிலைமை என்று நான் நினைக்கவில்லை.

சுழலும் இயந்திரத்துக்குப் பதிலாக 2011-இல் பாப்ஸ் என்ற மின்தேக்கி ஏற்பாடு வேலைக்கு வந்தது. இந்த ஆய்வுத் துறையில் கற்பதற்கு மிகச் சிறந்த பாடம் இதுதான் என்பேன். உச்சத்தில் 60 மெகாவாட், 10 கிலோவோல்ட், 6,000 ஆம்பியர். ஆறு கன்வெர்ட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்தேக்கி வங்கி. ஆறும் காந்தங்களோடு சேர்ந்து ஒரே சுற்றாக நிற்கின்றன. இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு நுணுக்கம்: ஆறில் இரண்டு மட்டுமே மின்தொகுப்போடு தொடர்பு கொண்டவை, மற்ற நான்கும் மிதந்து நிற்கின்றன. அந்த நான்கின் மின்தேக்கிகளுக்கு மின்னேற்றம் காந்தங்கள் வழியாகவே போகிறது. மின்னோட்டம் ஏறும்போது நான்கும் தம் சேமிப்பைக் கொடுக்கின்றன, இறங்கும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. இழப்பை மட்டும் முதல் இரண்டும் ஈடுசெய்கின்றன. எந்தக் கணத்தில் எந்த வங்கி எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் பங்கிடுகிறது. காந்தத்தின் முனைகளில் மின்னழுத்தம் ஒன்றுதான், ஆனால் அதை ஆறு கன்வெர்ட்டர்கள் எப்படிப் பிரித்துத் தந்தாலும் காந்தத்துக்கு வேறுபாடு தெரியாது. அந்தச் சுதந்திரத்தில்தான் முழு வடிவமைப்பும் நிற்கிறது.

2016 மே மாதம் பாப்ஸின் ஒரு மின்தேக்கிச் சேமிப்பில் குறுக்குச்சுற்று ஏற்பட்டது. அப்போது முடுக்கியை மீண்டும் ஓட்டக் கைகொடுத்தது, மாற்றாகக் காத்து வைத்திருந்த 1968-இன் சுழல் இயந்திரம்தான். மின்தேக்கி வழி தவறானது என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் புதிய சேமிப்பு முறை ஒன்றை முன்மொழியும் ஆய்வு மாணவர், அது பழுதானால் என்ன நடக்கும் என்ற அதிகாரத்தை எழுதாமல் ஆய்வேட்டை முடிக்கக்கூடாது என்பதை இது நன்றாகவே காட்டுகிறது. மெகாஜூல் கணக்கில் ஆற்றல் நிற்கும் இடத்தில் ஒரு மூலையில் காப்பு உடைந்தால், பக்கத்து மின்தேக்கிகள் எல்லாம் தம் ஆற்றலை அந்த ஒரு மூலையிலேயே கொட்டும். உருகி எங்கே, கூடு எவ்வளவு அழுத்தம் தாங்கும், தீ எப்படிப் பரவும் என்பவை பின்னிணைப்புக்குத் தள்ளவேண்டிய விவரங்கள் அல்ல.

எஸ்.பி.எஸ்., பாப்ஸ் போன்ற பிரம்மாண்டங்களுக்கே கவனம் எல்லாம் போய்விடுகிறது. சிறிய கன்வெர்ட்டர்கள் சாதித்தது அதிகம். செர்னின் கிழக்குப் பரிசோதனைக் கூடம் என்ற பகுதிக்குத் துகள் கற்றை ஒரு சுழற்சியில் அரை நொடிக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் அங்கிருந்த காந்தங்களில் மின்னோட்டம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் அவற்றின் இரும்பு நுகம். அது தகடுகளாக அடுக்கப்படாமல் திண்மமாக இருந்தது. மின்னோட்டத்தை வேகமாக மாற்றினால் இரும்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தைக் குலைத்துவிடும். செர்ன் முடுக்கிகளை 2019–2021-இல் நீண்ட காலம் நிறுத்தி வைத்தபோது தகட்டு நுகக் காந்தங்களையும், ஆற்றலைத் திரும்ப எடுத்து மின்தேக்கியில் வைக்கும் சிரியஸ் வகைக் கன்வெர்ட்டர்களையும் பொருத்தினார்கள். ஆண்டுக்குச் சுமார் 11 ஜிகாவாட்-மணியாக இருந்த மின்செலவு 0.6 ஜிகாவாட்-மணி அளவுக்கு இறங்கும் என்பது திட்டத்தின் கணக்கு. கற்றை இல்லாத நேரத்தில் காந்தத்துக்கு மின்னோட்டம் எதற்கு என்ற எளிய கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்! ஆனால் மின்னணுவியலை மட்டும் மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது. காந்தத்தின் இரும்பும் கன்வெர்ட்டரும் ஒரே மேசையில் வடிவமைக்கப்படவேண்டியிருந்தது. துறைகளைத் தனித்தனி அறைகளில் வைக்கும் பல்கலைக்கழகங்களில் இவ்வகை ஆய்வு வளராததற்கு இதுவே காரணம்.

காந்தங்களை விட்டு கிளைஸ்ட்ரான்களுக்கு வந்தால் கேள்வியின் முகம் மாறுகிறது. துகளை முடுக்கும் நுண்ணலையைப் பெருக்கித் தரும் இந்த வெற்றிடக் குழலுக்கு நூறு கிலோவோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும், அதுவும் துடிப்பாக. இங்கே ஆற்றல் திரும்புவதில்லை. துடிப்பின் மேற்பகுதி தட்டையாக இருக்கவேண்டும் என்பதே இங்கே பெரும்பாடு. மின்தேக்கியிலிருந்து ஆற்றலை எடுக்க எடுக்க அதன் மின்னழுத்தம் சரியும். மின்தேக்கியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், 1 விழுக்காடு சரிவு என்றால் ஆற்றலில் சுமார் 2 விழுக்காடுதான் வெளியே போயிருக்கிறது. அதாவது ஒரு துடிப்புக்குத் தேவையானதைப்போல் 50 மடங்கு ஆற்றலைச் சேமித்து வைத்தால்தான் சரிவு 1 விழுக்காட்டுக்குள் நிற்கும். இந்த 50 மடங்குச் சுமையிலிருந்து தப்பும் வழிகளைத்தான் சென்ற முப்பதாண்டு ஆய்வேடுகள் தேடிவந்திருக்கின்றன.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 1990களில் டெஸ்லா முடுக்கித் திட்டத்துக்காக உருவான பவுன்சர் சுற்று ஒரு வழி: தனியே ஒரு சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து ஊசலாடும், அந்த ஊசலாட்டத்தின் நேர்க்கோடு போன்ற பகுதி மின்னழுத்தச் சரிவை ஈடுகட்டும். எளிமையானது, ஆனால் துடிப்பின் நீளம் மாறினால் சுற்றையும் மாற்றவேண்டும்.

சுவீடனின் லுண்ட் நகரில் அமைந்துவரும் ஐரோப்பிய நியூட்ரான் மூலம் இதே கேள்வியை வேறு எல்லைக்கு இட்டுச் சென்றது. அதன் மாடுலேட்டர் ஒன்று, அதாவது கிளைஸ்ட்ரானுக்குத் துடிப்பைத் தரும் கருவி, 115 கிலோவோல்ட், 100 ஆம்பியர் துடிப்பை 3.5 மில்லிநொடிக்கு, நொடிக்கு 14 முறை தரவேண்டும். கணக்கிட்டால் ஒரு துடிப்பில் சுமார் 40 கிலோஜூல், சராசரித் திறன் அரை மெகாவாட்டுக்கு மேல். பழைய முறைப்படி துடிப்பு மின்மாற்றி வைத்தால் அதன் இரும்பு உள்ளகம் 115 கிலோவோல்ட்டை 3.5 மில்லிநொடி தாங்கவேண்டும், ஆகவே உள்ளகம் அறையளவுக்குப் பெருக்கும். லுண்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவான அடுக்குப் பன்மட்ட மாடுலேட்டர் அந்த முடிச்சை அவிழ்த்தது. நீண்ட துடிப்பை ஒரே வீச்சில் மின்மாற்றி வழியே அனுப்பாமல், கிலோஹெர்ட்ஸ் அளவிலான மாறுமின்னோட்டமாக நறுக்கிச் சிறிய மின்மாற்றிகள் வழியே அனுப்புகிறார்கள். மறுபக்கம் நேராக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயர் மின்னழுத்தத்தைப் பெறுகிறார்கள். துடிப்பு எவ்வளவு நீண்டாலும் மின்மாற்றி பெருக்காது. கூடவே மின்னேற்றும் பகுதி தொகுப்பிலிருந்து ஒரே சீரான திறனை மட்டும் எடுக்கும்படி அமைந்திருக்கிறது. நொடிக்கு 14 முறை அக்கம்பக்கத்து விளக்குகள் சிமிட்டும் பேச்சே இல்லை. ஆய்வேட்டில் பிறந்த ஒரு சுற்று முழு அளவில் கட்டப்பட்டு நிலையத்துக்கே வந்து சேர்ந்தது என்பதால் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது செர்னின் கிளிக் முடுக்கித் திட்டம். அங்கே துடிப்பு 140 மைக்ரோநொடி மட்டும், நொடிக்கு 50 முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுலேட்டர்கள் வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கவேண்டும் என்பது இலக்கு. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் இதில் இறங்கியபோது முதல் தடையே அளவிடுவதில்தான் வந்தது. நூறு கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பில் லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்கச் சாதாரண மின்னழுத்தப் பகுப்பான் போதாது. அதன் மின்தடைகள் வெப்பத்தால் விலகுவதே அதைவிட அதிகம். அதனால் அளவீட்டு முறையே தனி ஆய்வுப் பொருளானது. துடிப்பு ஏறும் நேரமும் இங்கே காசு: கிளைஸ்ட்ரான் தயாராகும் முன் கழியும் ஒவ்வொரு மைக்ரோநொடியும் பயனில்லாமல் போகும் ஆற்றல். அந்த நேரத்தை நிர்ணயிப்பது மின்மாற்றியின் கசிவுத் தூண்டலும் சுருள்களுக்கிடையே ஒளிந்திருக்கும் மின்தேக்கமும். எண்ணெய்த் தொட்டிக்குள் சுருளுக்கும் சுருளுக்கும் இடைவெளியைக் குறைத்தால் கசிவு குறையும், ஆனால் காப்பு பலவீனப்படும். இந்த இழுபறியின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான் மாணவர்கள் ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் செய்யவைப்பது ஸ்விட்ச். ரேடார் காலத்தில் ஹைட்ரஜன் தைரட்ரான் குழல் இருந்தது, 1957-இல் தைரிஸ்டர் வந்தது, 1980களில் ஐஜிபிடி. ஐஜிபிடியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் பொறியியல் படித்த பி. ஜெயந்த் பாலிகா. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் அவர் செய்த பணிக்காக 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. பாப்ஸில் அந்தப் பிரம்மாண்ட மின்னோட்டத்தை மில்லிநொடிக்குள் வெட்டிச் சேர்ப்பதும் இந்த ஐஜிபிடிதான்.

ஆனால் துடிப்பு வேலைக்கு ஐஜிபிடியை வைப்பதில் ஒரு பெரிய விலை இருக்கிறது. ஒரு தொகுதியைத் திறந்து பார்த்தால் விரல்நகம் அளவுள்ள சிலிக்கான் சில்லுகள், அவற்றின்மேல் அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்த அலுமினியக் கம்பிகள் வளைந்து ஒட்டியிருக்கும். வெப்பம் ஏறினால் அலுமினியம் சிலிக்கானைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒவ்வொரு துடிப்பிலும் சில்லு சூடாகிக் குளிரும்போது, ஒட்டிய இடம் ஒரு முறை இழுபட்டுத் தளர்கிறது. பல லட்சம் முறைக்குப் பிறகு கம்பியின் அடியில் மயிரிழை விரிசல் விழுந்து ஒரு கம்பி எழும்பிவிடும். அதன் பங்கு மின்னோட்டம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போக, அவை இன்னும் சூடாகும். அதன்பின் முடிவு வெகுதூரத்தில் இல்லை. 1990களில் சுவிட்சர்லாந்தில் நடந்த லெசிட் ஆய்வு, வெப்ப ஏற்ற இறக்கம் இரட்டித்தால் ஆயுள் சுமார் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் என்ற வகையிலான உறவைக் காட்டியது. 1.2 நொடிக்கு ஒரு சுழற்சி, ஆண்டுக்கு 250 நாள் ஓட்டம் என்று வைத்தால் ஆண்டுக்கே 1.8 கோடி சுழற்சிகள். இருபதாண்டு உழைக்கவேண்டிய கருவிக்கு இந்தக் கணக்கு மிகக் கடுமையானது.

அதனால்தான் நடுவில் உள்ள ஓய்வு நேரத்தை வைத்து விளையாடும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. உச்ச மின்னோட்டத்தின்போது ஸ்விட்ச் அடிக்கும் வேகத்தைக் குறைத்து வெப்ப முகட்டைத் தணிப்பது ஒன்று. துடிப்பில்லாத நேரத்தில் வேண்டுமென்றே சிறிது இழப்பை உண்டாக்கிச் சில்லு குளிர்ந்துவிடாமல் வைத்திருப்பது இன்னொன்று. ஆற்றலை வீணாக்கி ஆயுளை வாங்கும் இந்த இரண்டாவது வழி எந்த அளவுக்கு லாபம் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. சிலிக்கான் கார்பைடு வந்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் பரவலாக உண்டு. அது வேகமாக அடிக்கும், இழப்பு குறைவு, இரண்டும் உண்மை. ஆனால் அதே மின்னோட்டத்துக்கு அதன் சில்லு சிறியது, எனவே திடீர் வெப்பத்தை உறிஞ்ச உடம்பு போதாது. விறைப்பும் அதிகம் என்பதால் அடியிலுள்ள பற்றாசு அடுக்குக்குச் சுமை கூடுகிறது. தொடர் ஓட்டத்தில் வெற்றி பெறும் பொருளே துடிப்பு ஓட்டத்தில் தோற்கலாம். இதைச் சோதித்துச் சொல்லும் ஆய்வேடுகள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

சோதித்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். செர்ன் பட்டம் வழங்குவதில்லை. மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, மூன்றாண்டு வரை ஆய்வகத்தில் இருந்து வேலை செய்வார். பல்கலைக்கழக நெறியாளருக்குப் புதிய கோட்பாடு வேண்டும், ஆய்வகத்துக்கு ஓடும் கருவி வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது கடினம், ஆனாலும் இந்த முறைதான் இத்துறையை வளர்த்தது. கணினி ஒப்புருவாக்கத்தோடு நின்றுவிடும் ஆய்வேடுகளை நான் பாதி ஆய்வேடு என்றே கொள்கிறேன். கணினியில் தேடிக் கண்டுபிடித்த மிகச் சிறந்த வடிவம், உள்ளே போட்ட இழப்புக் கணக்கு எவ்வளவு சரியோ அவ்வளவுதான் சரி. துடிப்பில் காந்த உள்ளகம் ஒரு பக்கமாகவே சாய்ந்து வேலை செய்யும். தயாரிப்பாளர் தரும் இழப்பு அட்டவணையோ சமச்சீரான சைன் அலைக்கானது. இந்த வேறுபாடு வெப்பமானியைப் பொருத்திப் பார்த்தால்தான் வெளிப்படும்.

இந்தியாவில் இதற்கான தளம் இல்லாமல் இல்லை. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் 2.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் இண்டஸ்-2 ஓடுகிறது, காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் டோகமாக்குகள் இருக்கின்றன. செர்னின் மீக்கடத்திக் காந்த வளையமான எல்.எச்.சி.க்கு இந்தியா கொடுத்தவற்றில் 5,500 அளவிலான மின்தேக்கி வெளியேற்றக் கருவிகளும் உண்டு. மீக்கடத்திக் காந்தம் ஓரிடத்தில் திடீரெனச் சாதாரண நிலைக்குத் திரும்பினால் அந்த ஓரிடமே எல்லா ஆற்றலையும் வாங்கி உருகிவிடும். அதைத் தடுக்க, காந்தம் நெடுகிலும் உள்ள சூடாக்கிப் பட்டைகளில் ஒரு மின்னோட்டத் துடிப்பைச் செலுத்தி வெப்பத்தைப் பரவலாக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் 900 வோல்ட்டில் சுமார் 3 கிலோஜூலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. பாப்ஸ் ஆண்டுக்குக் கோடி முறை துடிக்கிறது. இந்தக் கருவி துடிப்பதோ எப்போதாவது ஒருமுறை. அந்த ஒருமுறை தவறக்கூடாது. ஆண்டுக்கணக்கில் மின்னேறி நிற்கும் மின்தேக்கியின் முதுமையை எப்படி அளப்பது, எப்போது மாற்றுவது என்பது எளிய செலவில் நம் பல்கலைக்கழகங்களில் செய்யத்தக்க, உலகுக்கே பயன்படும் ஆய்வு.

இப்போது எல்லாவற்றையும் மிஞ்சும் கேள்வி, மியூவான் துகள்களை முடுக்கி மோதவிடும் மியூவான் மோதி என்ற வருங்கால முடுக்கித் திட்டத்திலிருந்து வருகிறது. மியூவான் ஓய்வு நிலையில் 2.2 மைக்ரோநொடியில் சிதைந்துவிடும். ஆகவே அதை முடுக்கும் வேக வளையங்களில் முதலாவதில் காந்தப்புலத்தை ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் ஏற்றியாகவேண்டும், நொடிக்கு ஐந்து முறை. அடுத்தடுத்த வளையங்களையும் சேர்த்தால் உச்சத் திறன் பல பத்து ஜிகாவாட்டுக்குப் போகிறது. எந்தத் தொகுப்பும் இதைத் தராது. காந்தத்தையும் மின்தேக்கியையும் ஒத்ததிர்வில் ஊசலாட விட்டு, ஆற்றல் இரண்டுக்கும் நடுவே தானாகப் போய்வரும்படி செய்வதுதான் ஒரே வழி. ஆனால் ஒத்ததிர்வு தருவது சைன் அலை, முடுக்கி கேட்பதோ நேராக ஏறும் கோடு. இரண்டாவது அதிர்வெண்ணைக் கலந்து அந்தக் கோட்டை நெருங்கலாம் என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. 10 மெகாஜூல் நொடிக்கு ஐந்து முறை போய்வந்தால், ஒவ்வொரு முறையும் 1 விழுக்காடு இழந்தாலும் அரை மெகாவாட் வெப்பம். காந்த இரும்பு, மின்தேக்கிப் படலம், ஸ்விட்ச் மூன்றிலும் சேர்த்து அந்த இழப்பை எவ்வளவுக்குக் கொண்டுவர முடியும், வளையத்தைச் சுற்றிப் பிரிந்து நிற்கும் பல கன்வெர்ட்டர்களின் மின்னோட்டம் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகும் என்ற இரண்டையும் முழு அளவுக் கருவியில் இன்னும் யாரும் அளந்து காட்டவில்லை.